பூங்கோதை ஐந்து ஹெச்பி

மூன்று ஹெச்பி மோட்டாரின் கூட்டுக்குள் ஐந்து ஹெச்பியை அடைத்துக் கொடு என்று முதலாளி குழந்தைவேலு கேட்டதும், அடைக்கலாம், ஆனால் அரை நாள் ஓடினால் உள்ளே சுருள் கருகிவிடும் என்று டிசைன் பார்க்கும் எபனேசர் சொன்னதும், கருகினால் கருகட்டும், ஒன்று செய்து பார் என்று முதலாளி திரும்பச் சொன்னதும், தறிக்காரர் வீதியில் யார் காதிலும் விழாமல் நடந்து முடிந்தன. கோயம்புத்தூரில் கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டிக் கிழக்கே இருக்கிற அந்த வீதியை விட்டுத் தறிகள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது; இப்போது வீட்டுக்கு ஒருவராவது குழந்தைவேலுவின் கம்பெனிக்குத்தான் போகிறார்கள், ஆண்கள் லேத்துக்கும் பெயின்டுக்கும், பெண்கள் வைண்டிங் ஷெட்டில் உட்கார்ந்து செப்புக் கம்பியைச் சுருளாக்கி மோட்டாரின் பள்ளங்களுக்குள் விரலால் அழுத்தி இறக்கும் வேலைக்கும்; மாலையில் அவர்கள் திரும்பும்போது வார்னிஷ் வாடை அவர்களுக்கு முன்னால் வீதிக்குள் வந்துவிடும்.

அந்த முதல் மோட்டாருக்குச் சுருள் இறக்கியவள் பூங்கோதை. அவ்வளவு சின்னக் கூட்டுக்குள் அவ்வளவு கம்பியை இறக்க அவளுடைய மெலிந்த விரல்களால்தான் முடிந்தது. பிரசவத்துக்குப் பிறகு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கைக்குழந்தை தன்விகாவைப் பக்கத்து வீட்டு வசந்தாமணி பார்த்துக்கொண்டாள். கணவன் பூபதி கம்பெனி மோட்டார்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைகளுக்குப் போட்டு வந்தான்.

மோட்டாருக்குப் பெயர் வேண்டுமே என்ற பேச்சு வந்தது. கோயம்புத்தூரில் பம்புக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடக் கஷ்டம். சாமி பெயர்களை எல்லாம் யார் யாரோ பதிவு செய்துவிட்டார்கள், மகள் பெற்ற முதலாளிகள் மகள்கள் பெயரைப் பதிவு செய்துவிட்டார்கள், குழந்தைவேலுவுக்கோ இரண்டும் பையன்கள், ஆண் பெயர் போட்ட பம்பை விவசாயி தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை. வைண்டிங் ஷெட் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"ஏம்புள்ள, உன்ற பேரு என்ன?"

"பூங்கோதைங்க."

"யாரும் வெக்காத பேரா இருக்குதே" என்றார்.

அவளுக்குச் சேலையும் ஷெட்டுக்கு ஜிலேபியும் வந்தன. அலுமினியப் பெயர்த்தகட்டில் பூங்கோதை என்று கொட்டை எழுத்தில் அடித்து, கீழே ஹெச்பி, வோல்ட், சுற்று எல்லாம் அடித்து, எத்தனை டிகிரி சூடு ஏறும் என்கிற கட்டத்தை மட்டும் வெறுமனே விடச் சொன்னார் முதலாளி. கேட்கிறவன் கேட்டால் அப்போது எழுதிக்கொள்ளலாம் என்றார்.

தகட்டைத் திருகாணி போட்டு முடுக்கி, சூடம் காட்டி, சுமை ஏற்றி ஓட்டினார்கள். மோட்டார் சூடாகவில்லை. ஒரு மணி நேரத்தில் கை வைக்க முடியாமல் போகும் என்று எபனேசர் எதிர்பார்த்த கூடு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், சாயங்கால டீக்குப் பிறகும், அப்போதுதான் கடையிலிருந்து இறக்கியது போலக் குளிர்ச்சியாகவே இருந்தது. முதலாளி அதன்மேல் கன்னத்தை வைத்துப் பார்த்துச் சிரித்தார். எபனேசர் சிரிக்கவில்லை. நாகர்கோவில்காரன், கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவன், ஆனாலும் சொன்னான்: "சார், உள்ள போற கரண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு சூடாத்தான் வெளிய வரணும். இதுல வரல்லன்னா வேற எங்கயோ போவுதுன்னு அர்த்தம்."

"போனாப் போவுது எபி. மோட்டாருக்குள்ள இல்லீல்ல, அது போதும்."

வைண்டிங் ஷெட்டில் அதே நேரம் பூங்கோதை முந்தானையால் விசிறிக்கொண்டு, ஜிலேபி சாப்பிட்டது சூடு போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மோட்டார் விற்றது. சின்னதாக, லேசாக, மூன்று ஹெச்பி விலையில் ஐந்து ஹெச்பி தண்ணீரை அள்ளிக் கொட்டுகிற, நாள் முழுக்க ஓடினாலும் சுடாத அந்த மோட்டாரை உடுமலைக்காரர்கள் வாங்கினார்கள், தாராபுரத்துக்காரர்கள் வாங்கினார்கள், தேனிக்கும் ஓசூருக்கும் லாரியில் போயிற்று. அங்கே ஒவ்வொரு கிணற்றிலும் மும்முனை மின்சாரம் வந்து ஒவ்வொரு மோட்டாரும் உறுமி எழும்போது, இங்கே பூங்கோதையின் தோள்களிலும் கைகளிலும் மார்பிலும் சூடு ஏறியது; மின்சாரம் நின்றதும் இறங்கியது. அவளுக்கு அது வலிக்கவில்லை. நாக்கு வறண்டது, தூக்கம் குறைந்தது, அவ்வளவுதான். கிளினிக் டாக்டரின் தெர்மாமீட்டர் அவள் கக்கத்தில் வெடித்தது. அவர் புது தெர்மாமீட்டருக்கும் சேர்த்து பீஸ் வாங்கிக்கொண்டு, மாதுளம்பழமும் நீர்மோரும் சாப்பிடச் சொன்னார்.

வீதி அதை இரண்டு நாள் ஆச்சரியமாகப் பார்த்தது, மூன்றாம் நாள் வேலைக்கு வைத்துக்கொண்டது. அது மார்கழி. இட்லி மாவு புளிக்கவில்லை என்று குண்டானைக் கொண்டுவந்து பூங்கோதையின் பக்கத்தில் வைத்தார்கள். காயாத பள்ளிச் சீருடையைக் கொண்டுவந்து அவள் முதுகில் போர்த்தினார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் வரிசையில் வந்து உட்கார, அவள் டிவி பார்த்தபடியே ஒவ்வொரு இடுப்பிலும் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். இஸ்திரிக்கடை லோகு மட்டும் வாசலில் நின்று சண்டை போட்டான்.

"ஏனுங்க்கா, துணிக்கு மேல கைய ஓட்டி மடிச்சுக் குடுத்தர்றீங்களாமா? நான் கரியப் போட்டுட்டு உக்காந்திருக்கறதா, கடையச் சாத்தறதா?"

"கரி வாங்காத லோகு, பொட்டியக் கொண்டா, நானே சூடு பண்ணித் தர்றன்" என்றாள் பூங்கோதை. மறுநாளிலிருந்து லோகு கரி வாங்கவில்லை.

வசந்தாமணியும் அவளும் குழாயடிச் சண்டையில் பேசாமல் இருக்கும் நாட்கள் உண்டு; குழந்தையைக் கைமாற்றும்போதுகூட முகத்தைப் பார்க்காமல் மாற்றிக்கொள்வார்கள். அந்த நாட்களிலும் வசந்தாமணியின் பால் பாத்திரம் மட்டும் தானாக வந்து பூங்கோதையின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

தை பிறந்து ஒரு காலையில், பால் குடித்துக்கொண்டிருந்த தன்விகா வீறிட்டாள். எங்கோ ஓர் ஊரில் வழக்கமான நேரத்துக்கு முன்பே மும்முனை வந்திருந்தது. குழந்தையின் கன்னத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் சிவந்து பொங்கியிருந்தது. பூங்கோதை குழந்தையைப் பாயில் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். வசந்தாமணி ஓடிவந்து அள்ளிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டின் கடிகாரம் மாறிப்போயிற்று. பூபதி மோட்டார் போடப் போகும் ஊர்களில் எல்லாம் லைன்மேன்களைப் பிடித்து, உங்கள் பக்கம் த்ரீ பேஸ் எப்போது வரும், எப்போது போகும் என்று கேட்டு வந்தான். எல்லா ஊர்களுக்கும் ஒன்றாக மின்சாரம் இல்லாத இடைவெளி பகலில் ஒன்று, மாலையில் ஒன்று இருந்தது. அந்த இடைவெளிக்குள் பூங்கோதை ஷெட்டிலிருந்து ஓடிவந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தன் மணிக்கட்டைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுத்து, வாசலில் நிற்கும் பூபதியின் போனில் உடுமலை லைன்மேன் "கரண்டு விட்டாச்சுங்க" என்று சொல்வதற்குள் இறக்கிவிட வேண்டும். வீதியும் பழகிக்கொண்டது. அந்த நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அந்த நேரம் முடிந்ததும் குண்டான்களோடு வருவார்கள்.

சூடு எங்கே போகிறது என்பது எபனேசருக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. மாசியில் ஒரு நாள் சோதனை மேடையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் தகட்டில் எழுத்து கோணலாக இருக்கிறது என்று அவன் அதைக் கழற்ற, அந்த நொடியே மதிலுக்கு அந்தப் பக்கம் ஷெட்டில் பூங்கோதை "அப்பாடா" என்றாள். பகல் இடைவெளியில் பால் கொடுத்துவிட்டு அவள் சீக்கிரமே திரும்பியிருந்தாள், வெளியூர்களில் மின்சாரம் இன்னும் வந்திருக்கவில்லை. அவள்மேல் இருந்தது அந்த ஒரு மோட்டாரின் சூடு மட்டுந்தான். அவன் தகட்டை மறுபடி வைத்தான். "அய்யோ, வந்துருச்சு" என்றாள். கழற்றினான். "போயிருச்சு." எபனேசர் அந்தத் தகட்டைக் கையில் பிடித்தபடி, மோட்டாரை நிறுத்த மறந்து, மதியம் முழுக்க நின்றான், அதற்குள் தகடில்லாத மோட்டாரின் கூடு கொதித்து, வார்னிஷ் புகைந்து, சுருள் கருகிய நாற்றம் கம்பெனி முழுக்கப் பரவியது.

பெயர் இருக்கும்வரை மோட்டார் சுடாது, பெயரை எடுத்தால் பூங்கோதை சுட மாட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் வீதிக்கு இது தெரிந்துவிட்டது. தோட்டம் காடுகளுக்குப் போய்விட்ட ஆயிரக்கணக்கான மோட்டார்களில் பெயரை எடுத்தால் அத்தனையும் அரை நாளில் கருகும், கிணறுகள் நிற்கும், கேரண்டி அட்டையோடு விவசாயிகள் வந்து வாசலில் நிற்பார்கள், கம்பெனி மூடும் என்பதும் தெரிந்துவிட்டது. அதனால் வீதியில் அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் குண்டான்கள் கொஞ்சம் குறைவாக வந்தன. பூங்கோதைக்கு நீர்மோர் நிறைய வந்தது, ஒவ்வொரு வீட்டிலிருந்தும், கொத்தமல்லி தூவி.

பங்குனிக் கடைசியில் மழை பொய்த்தது. கோடைப் பயிரைக் காப்பாற்ற நாள் முழுக்க மும்முனை விடப்போவதாகச் செய்தியில் சொன்னார்கள், விவசாயிகள் வெடி வெடித்தார்கள். அன்றிலிருந்து பூங்கோதையின் உடம்பில் இடைவெளி இல்லாமல் போயிற்று. அவள் உட்கார்ந்து எழுந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து இளகியது. வேலைக்குப் போக முடியவில்லை. அவள் தொட்டால் கம்பியின் பூச்சு உரிந்தது. குளியலறைத் தரையில் அமர்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள், ஆவி எழுந்துகொண்டே இருந்தது. மதிலுக்கு அப்பால் வசந்தாமணி வீட்டில் தன்விகா புட்டிப்பாலைத் தள்ளிவிட்டு அழுதாள். அந்த அழுகை கேட்கும்போதெல்லாம் பூங்கோதையின் மார்பில் பால் சுரந்து, சுரந்த வேகத்தில் காய்ந்து, ரவிக்கையில் வெள்ளைப் பொருக்காக நின்றது. ஒவ்வொரு நாளும் பொருக்கு மெலிந்துகொண்டு வந்தது.

"வத்திட்டு இருக்குதுங்க" என்றாள் பூபதியிடம், கதவுக்கு உள்ளே இருந்து. "இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணுமிருக்காது. அப்புறம் அவளுக்கு என்னையத் தெரியவே தெரியாது."

பூபதி அன்று லோடு ஏற்றப் போகவில்லை. ஆட்டோவைக் கம்பெனி வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டான். மோட்டார் வெளியே போக முடியாமல் நிற்க, ஆள் சேர, ஷெட் பெண்கள் வெளியே வர, கடைசியில் குழந்தைவேலுவும் வந்தார்.

"இனிமேல் செய்யறத வேணா பெரிய கூட்டுல செய்யலாம் பூபதி. எபியும் அதத்தான் சொல்றான். இரும்பு போகட்டும், நான் பாத்துக்கறன். போன மோட்டார என்ன பண்ணச் சொல்ற? தகட்ட எடுத்தா நாளைக்கு இந்த கேட்டுக்குப் பூட்டுத்தான்."

"வேற பேரு போடுங்க" என்றான் பூபதி.

"யாரு பேர?"

மாரியம்மன் பேரைப் போடலாம் என்று ஒருவர் சொல்ல, அம்மனுக்குச் சூடு ஏறினால் ஊர் தாங்குமா என்று பத்துப் பேர் அடக்கினார்கள். செத்தவர்கள் பேரைப் போடலாம் என்று முதலாளி தன் அப்பாவின் பேரை ஒரு தகட்டில் அடித்து ஏற்கெனவே பார்த்திருந்தாராம். வீட்டில் மாட்டியிருந்த அப்பாவின் படம் கண்ணாடி வெடித்துக் கீழே விழுந்து மாலையோடு எரிந்ததாம். "ஒருத்திதானே, மோர் குடுத்துப் பாத்துக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. யார் என்று திரும்பிப் பார்க்கவும் யாரும் விரும்பவில்லை, எல்லோர் வீட்டு அடுப்புக்கும் அந்த கேட் வழியாகத்தான் அரிசி வந்தது.

எபனேசர் தொண்டையைச் செருமினான். "சூட்டக் குறைக்க முடியாதுங்க. வாற அளவு வந்துக்கிட்டேதான் இருக்கும். நல்ல மோட்டார்ல கூட்டுக்கு மேல பட்ட பட்டயா வரி வைப்போம்லா, அது அழகுக்கு இல்ல. பரப்பு கூடுனா அதே சூடு பரவிப் போயிரும், ஓரிடத்துலயும் எரியாது. அதனால..." அவன் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்தான். "ஒரு பேரு இருக்குற தகட்டுல நிறையப் பேரு இருந்தா..."

அவன் முடிக்கவில்லை; முடிக்காமலே எல்லோருக்கும் புரிந்தது. மாவு புளிக்க வைத்தவர்கள் இருந்தார்கள், சீருடை காய வைத்தவர்கள் இருந்தார்கள், இடுப்பைக் காட்டியவர்கள் இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

தோளில் அழுது தூங்கிப்போன குழந்தையோடு வசந்தாமணி முன்னால் வந்தாள்.

"என்ற பேரப் போடுங்க. தண்ணி வராத நாள்ல இவ கூடச் சண்ட போட்டுப் போட்டு நான் எப்படியும் காஞ்சுட்டுத்தான் இருக்கறன்."

உடனே ஒரு தகட்டில் பூங்கோதைக்குப் பக்கத்தில் வசந்தாமணி என்று அடித்து, மேடையில் ஒரு மோட்டாரில் முடுக்கி ஓட்டினார்கள். வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். குழந்தையைப் பூபதி வாங்கிக்கொண்டான்.

"என்னங்க்கா பண்ணுது?" என்றான் லோகு.

"காது மட்டும் சுடுதுடா. எவளோ என்னையப் பத்திப் பேசற மாதிரி."

யாரோ சிரித்தார்கள். லோகு தன் பேரைச் சொன்னான், வாங்காத கரிக்குக் கணக்கு என்றான். பூபதி சொன்னான். ஷெட் பெண்கள் சொன்னார்கள். பெயின்டுக்காரர்கள் சொன்னார்கள். சில வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன, அந்தக் கதவுகளை யாரும் தட்டவில்லை. எபனேசர் தன் பெயரைத் தானே தப்பில்லாமல் எழுதிக் கொடுத்தான். கடைசியில் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"ஆம்பளப் பேரு போட்டா விக்காதுங்க" என்றார் அவர்.

கூட்டத்துக்குப் பின்னால் ஈரச் சேலையில் ஆவி எழ பூங்கோதை வந்து நின்றிருந்தாள். அவளைச் சுற்றி வட்டமாக இடம் விட்டிருந்தார்கள். "கடைசியாப் போடுங்க மொதலாளி" என்றாள். "அது வரைக்கும் யாரு படிக்கப் போறா?"

அவர் பெயரும் ஏறியது. அத்தனை பெயருக்கு இடம் வேண்டுமே, தகடு உள்ளங்கை அகலம் போய் முழங்கை நீளத்துக்கு ஆயிற்று. பிடி இரும்பை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர் அலுமினியத்தை டன் கணக்கில் வாங்கினார். பூபதி ஆட்டோ நிறையத் தகடுகளோடு கிளம்பினான், ஒவ்வொரு ஊரிலும் பம்பு மெக்கானிக்குகள் பைக்கில் வாங்கிப் போய்க் கிணறு கிணறாக இறங்கி முடுக்கினார்கள். "என்ற மோட்டாருக்கு எதுக்குங்க இத்தன பேரு, ரேஷன் கார்டா?" என்று காங்கேயத்தில் ஒருவர் கேட்டாராம். சிலர் புதுத் தகடு வேண்டாம் என்றார்கள், பூங்கோதை என்ற பெயர் வந்த பிறகுதான் கிணற்றில் ஊற்று திறந்தது என்றார்கள். அவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை.

எங்கோ ஒரு தகடு ஏறும்போது தறிக்காரர் வீதியில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கோலம் போட்டவள் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தாள். பெயர் கொடுத்த வீடுகளில் ஃபேன் இரவும் பகலும் சுற்றியது, பானைத் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்தது, புருஷன் பெண்டாட்டிகள் தள்ளித் தள்ளிப் படுத்தார்கள், ஒருவரையொருவர் தேவையில்லாமல் கடிந்துகொண்டார்கள், யாரும் பெயரைத் திருப்பிக் கேட்கவில்லை. பூங்கோதை குளியலறையை விட்டு வெளியே வந்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு நடுப்பகலில், எல்லாக் காடுகளிலும் எல்லா மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், வசந்தாமணியின் வீட்டு வாசலில் வந்து நின்று கையை நீட்டினாள்.

"கொண்டாங்க்கா."

"இன்னும் நாலு நாள் போகட்டும்டி."

"இன்னைக்குக் காலைல ரவிக்கைல பொருக்கே இல்லீங்க்கா. நாலு நாள்ல எனக்குள்ள ஒண்ணுமே இருக்காது."

வசந்தாமணி குழந்தையைப் பாயில் உட்கார வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பூங்கோதையின் முந்தானையை விலக்கி, குழந்தை சாய்கிற இடத்தில் தன் கன்னத்தைச் சாய்த்தாள். ஒரு பிள்ளை பால் குடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்படியே நின்றாள். எடுத்தபோது அவள் முகம் குழம்பியிருந்தது.

"எனக்குத் தெரியலடி. நானும் சுடறன். உன்ற சூடா என்ற சூடான்னு பிரிக்க முடியல."

லோகு வந்து கையைத் தொட்டுப் பார்த்தான், அவனுக்கும் தெரியவில்லை. ஷெட் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள். அவர்கள் எல்லோருடைய பெயரும் தகட்டில் இருந்தது. அளந்து சொல்லக் குளிர்ந்த கை ஒன்றுகூட அங்கே மிச்சமில்லை. எபனேசர் கம்பெனியிலிருந்து சூடு அளக்கும் கருவியைக் கொண்டுவந்து அவள் தோளில் வைத்தான், முள் ஏறி நின்றதைப் பார்த்தான், திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"சொல்லுங்க சார்" என்றான் பூபதி.

"சுருளு எத்தன டிகிரி தாங்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு பூபதி. குழந்த எத்தன தாங்கும்னு போடல்ல."

அந்த வாசலில் சூடில்லாத உயிர் ஒன்றுதான் இருந்தது. அது பாயில் உட்கார்ந்து, இத்தனை கால்களுக்கு நடுவே எதையோ தேடிப் பார்த்துக்கொண்டிருந்தது. பூங்கோதை அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை. நீட்டக் கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். கூப்பிடவும் இல்லை. வீதியில் ஃபேன்கள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

தன்விகா குனிந்தாள். அதுவரை தவழ்ந்தறியாதவள், ஒரு கையை முன்னால் வைத்தாள், மறு கையை வைத்தாள், வயிறு தரையில் தேய நகர்ந்து வந்து, தாயின் முழங்காலில் உள்ளங்கையைப் பதித்தாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள். வசந்தாமணி "வேண்டாம்டி" என்றாள்.

குழந்தை அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தது. வாயில் வைத்துச் சப்பியது. பிறகு, ஈரமான அதே கையை அதே இடத்தில் மறுபடி வைத்து, அழுத்தி, எழுந்து, மடியில் ஏறியது.